தோற்றும் உயர்ந்த பெரிய உடையார்

(தாம்பரத்தில் ஸ்ரீராமநவமியன்று ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இராமபிரானுக்குத் துணை நின்றோர் பலர். வானரர் உண்டு; கரடிகளின் தலைவன் சாம்பவான் உண்டு; கழுகின் வேந்தன் சடாயு உண்டு. இங்கிருந்து மின்தொடர் வண்டியேறிப் பழவந்தாங்கலில் இறங்கினால், நங்கநல்லூரில் ஒரே கல்லில் 32 அடி உயர்ந்து நிற்கும் ஆஞ்சநேயரைச் சேவிக்கலாம். கடல் கடந்து, சென்ற காரியம் முடித்து மீண்டவர் அவர். வென்றவரை உலகம் போற்றுவது இயல்பே. இன்று அடியேன் சொல்ல விழைவது தோற்ற ஒருவரைப் பற்றி.

பிராட்டியை இராவணன் கவர்ந்து செல்லக் கண்ட சடாயு, முதலில் அறம் எடுத்துரைத்தார். அவன் செவிசாய்க்கவில்லை. "எனக்கு வயது அறுபதினாயிரம், நீயோ இளையவன், வில்லும் கவசமும் தேரும் உடையவன். ஆயினும் உன்னைப் போகவிடேன்" என்னும் கருத்துப்படப் பேசியதாக வான்மீகி முனிவர் கூறுகிறார். வலிமையின் அளவு அறிந்தே போரில் இறங்கினார். வில்லை முறித்தார், தேரை அழித்தார், இறுதியில் சிறகறுந்து வீழ்ந்தார். எனினும் இராமன் வரும்வரை உயிரைத் தாங்கியிருந்து, இராவணன் சென்ற தென்திசையைச் சொல்லிய பின்னரே உயிர் நீத்தார்.

தயரதன் மறைந்தபோது இராமன் கானகத்தில் இருந்தான். ஈமக்கடன் செய்தவன் பரதன். தந்தைக்குத் தீ மூட்டும் பேறு வாய்க்காத மூத்த மகன், தந்தையின் நண்பராகிய அப்பறவைக்குத் தன் கையால் தீ மூட்டினான். கோதாவரியில் நீர்க்கடனும் இறுத்தான்.

வைணவப் பெரியோர் சடாயுவைப் 'பெரிய உடையார்' என்று போற்றுவர். முடிச்சூர், படப்பை, வாலாஜாபாத் வழியே காஞ்சி சென்றால், அதனையடுத்துத் திருப்புட்குழி என்னும் திவ்விய தேசம் உள்ளது. புள் என்றால் பறவை. சடாயுவுக்கு இறுதிக்கடன் நிகழ்ந்த இடம் அதுவே என்பது தலவரலாறு. பெருமாள் திருநாமம் விஜயராகவன். திருக்குளத்தின் பெயர் சடாயு தீர்த்தம்.

அன்பர்களே, "வயதாகிவிட்டது, நம்மால் என்ன ஆகும்?" என்று நாம் ஒதுங்குகிறோம். எழுபதைக் கடந்த அடியேனும் ஒதுங்கியதுண்டு. ஒருமுறை பேருந்தில் ஒருவன் ஒரு பெண்ணை இழிசொல் கூறியபோது, சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றிரவு ஆரணிய காண்டம் படிக்க நா எழவில்லை.

வெல்வது நம் கையில் இல்லை. அறத்தின் பக்கம் நின்று ஒரு சொல் சொல்வது நம் கையில் உண்டு. அதற்குரிய நெஞ்சுரத்தைப் பெரிய உடையார் நமக்கு அருள்வாராக!