ஓடு மாறினால் ஒலியும் மாறும்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.காம் படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எஞ்சினியரும் அல்ல, டாக்டரும் அல்ல. ஆனால் ஆறு வருடமாக இடது காதில் ஹியரிங் எய்ட் போட்டிருக்கிறேன். நம் குடியிருப்பில் மேடைகளில் கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவர், தன் காதுக்கு அளவெடுத்துச் செய்த இன்-இயர் மானிட்டரை எனக்குக் காட்டினார். என் காதில் இருக்கும் மோல்டும் அதுவும் ஏறக்குறைய ஒரே சங்கதிதான். "உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் அதேதானே, வெளி ஓட்டுக்கு எதற்குத் தனியாகப் பணம்?" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இன்றைய பேச்சு.

மேடையில் பாடுபவருக்குத் தன் குரல் தனக்கே கேட்க வேண்டும். அதற்காக முன்பு காலடியில் ஸ்பீக்கர் வைப்பார்கள். டிரம்ஸ் சத்தத்தை மீற அதையும் ஏற்றிக்கொண்டே போவார்கள். அமெரிக்காவில் வான் ஹேலன் இசைக்குழுவின் மேடை ஒலியைக் கவனித்த ஜெர்ரி ஹார்வி, அந்தக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்குள் பொருந்தும் கருவி ஒன்றைச் செய்தார். அதிலிருந்துதான் 1995-இல் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது.

இனி, ஓடு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, அடைப்பு. காதுத் துவாரம் இடுக்கில்லாமல் அடைபட்டால்தான் மிருதங்கத்தின் தொப்பி போன்ற கனத்த ஒலிகள் செவிப்பறை வரை முழுதாகப் போய்ச் சேரும். சிறு இடுக்கு இருந்தாலும் முதலில் கசிவது அந்தக் கீழ் ஒலிதான். கடையில் வாங்கிய இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள், உடனே கனம் கூடும். ஸ்பீக்கர் மாறவில்லை, கசிவு நின்றது, அவ்வளவுதான். அதனால் ரப்பர் முனையே உங்கள் காதில் நன்றாக அடைத்தால், அளவெடுத்துச் செய்ததால் ஒலியில் பெரிய லாபம் இருக்காது. சிரித்தாலும் பாடினாலும் நழுவாமல் நிற்பதே பெரிய லாபம்.

இரண்டாவது, ஆழமும் குழாயும். பெரியவர்களின் காதுத் துவாரம் சுமார் 2.5 செ.மீ. நீளம். புல்லாங்குழல் போல அதற்கும் ஒரு சுருதி உண்டு. திறந்த காது 3,000 ஹெர்ட்ஸ் அருகே உள்ள ஒலியை இயற்கையாகவே தூக்கிக் கொடுக்கும். பேச்சின் தெளிவுக்கு அந்தப் பகுதி முக்கியம். காதை அடைத்ததும் அந்த உதவி போய்விடும். கருவிதான் அதை ஈடுகட்ட வேண்டும். ஓடு எவ்வளவு ஆழம் போகிறது, அதற்குள் இருக்கும் குழாய் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து மேல் ஒலி கூடும், குறையும். நாதஸ்வரத்தின் அணசு போல முனையில் விரியும் குழாய் மேல் ஒலியைக் கூட்டும். அதே துளையில் காதழுக்கு அடைத்தால் எல்லாம் மந்தமாகிவிடும்.

மூன்றாவது, நம் சொந்தக் குரல். இங்கேயே ஒரு சோதனை. எல்லோரும் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு "ஈ..." என்று சொல்லுங்கள். குடத்துக்குள் பேசுவது போல இருக்கிறதல்லவா? எலும்பு வழியாக வரும் நம் குரல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. ஹியரிங் எய்ட் வாங்கியவர்கள் "என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை" என்று அதை மேஜை டிராயரில் போட்டுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மோல்டில் காற்றுத் துளை போட்டோ, துளையைப் பெரிதாக்கியோ பெரும்பாலும் சரிசெய்யலாம். ஆனால் துளை பெரிதானால் கீழ் ஒலி வெளியேறும், கருவி விசிலடிக்கவும் வாய்ப்பு கூடும். ஒரு பக்கம் வரவு என்றால் மறுபக்கம் பற்று. எவ்வளவு துளை என்பதை உங்கள் காது கேட்கும் அளவைப் பார்த்து ஆடியாலஜிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாக அடைக்கும் ஓடு வெளிச் சத்தத்தைத் தடுப்பதால், குறைந்த ஒலியிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். ஆனால் வால்யூமைக் குறைத்தால்தான் காதுக்கு லாபம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணிதான். கூட்டு வட்டி தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்காதில் போன செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியவை:

1. அளவெடுக்கும் முன் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். அழுக்கு இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும்.

2. அச்சுக் கலவையை ஊற்றும் முன், செவிப்பறையைக் காக்க நூல் கட்டிய பஞ்சையோ ஸ்பாஞ்சையோ உள்ளே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

3. வாய் திறந்தால் காதுத் துவாரத்தின் வடிவம் மாறும். பாடுபவர்கள் வாய் திறந்த நிலையில் அச்சு எடுப்பார்களா என்று கேளுங்கள்.

4. அக்ரிலிக் கெட்டி, சிலிகான் மெத்து. இரண்டையும் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

5. பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் இலவசமாகத் திருத்தித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

6. ஆடியாலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்.

உடம்பு இளைத்தாலும் வயதானாலும் காதின் வடிவம் மாறும். சில வருடம் முன்பு செய்த மோல்டு இன்று விசிலடித்தால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மோல்டை மட்டும் மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம். புதுக் கருவி வாங்கச் சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள்.

வீட்டில் யாருடைய கருவியாவது டிராயரில் தூங்கினால், இந்த வாரமே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பேரன் பேத்தி பேசுவது காதில் விழாமல் சும்மா தலையாட்டிக்கொண்டு இருப்பதற்கா அவ்வளவு பணம் கொடுத்தோம்?