மண் பிசையவும் ஒரு பட்டம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



"பொம்பளைப் பிள்ளைங்க படிப்பைப் பத்திப் பேசுட்டி" என்று தலைவி அக்கா சொல்லிவிட்டார்கள். இந்த மேடையில் படிப்பு என்றால் நர்சிங், டீச்சர் டிரெயினிங், பேங்க் பரீட்சை, இப்படித்தான் பேசுவார்கள். அதெல்லாம் பேச நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் படித்தது வேறே. நான் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் செராமிக் படித்தேன். நாலு வருஷம் மண் பிசைந்தேன், அதற்கு ஒரு பட்டம் வாங்கினேன். எங்க தெருவில் இன்னும் சில பேர் நம்பவில்லை.

எங்க அம்மா முக்கூடலில் பீடி சுத்துகிறவள். உங்களில் பாதிப்பேருக்கு அந்த வேலை தெரியும். இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் சேர்த்தால்தான் கூலி. நான் இலைக்கட்டு சுற்றி வருகிற தாளில் படம் வரைவேன். ப்ளஸ் டூ முடித்ததும் எங்க பள்ளிக்கூட டிராயிங் சார்தான், "இதுக்குன்னே காலேஜ் இருக்கும்மா" என்றார். அதுவரை எங்க வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

அந்தக் கல்லூரி நேத்து முளைத்தது இல்லை. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தன் சொந்த முயற்சியில் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள். நாலு பேர் பாறையைப் புரட்டுகிற சிலை, 1959-ல் வைத்தது. அதைச் செய்த ராய் சௌத்ரி அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். அந்தச் சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருத்தர் கல்லூரியின் இராக்காவலாளி என்று அங்கே சொல்வார்கள். எனக்கு அது பிடித்த கதை.

சேருவதற்கு ப்ளஸ் டூவில் இன்ன குரூப் என்று கிடையாது. ஆனால் மார்க்கு மட்டும் போதாது, செய்முறைத் தேர்வு வைப்பார்கள். உட்கார்ந்து வரையணும், வண்ணம் தீட்டணும், மண்ணில் உருவம் செய்யணும். இந்த விஷயம் தெரியாமலே நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் விண்ணப்பமே போடவில்லை. கும்பகோணத்திலும் இதேபோல ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. கல், மரம், உலோகத்தில் மரபுச் சிற்பம் படிக்க மாமல்லபுரத்தில் தனிக் கல்லூரி 1957-லிருந்து இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரசில் ஏறினால் காலையில் எழும்பூர், அங்கிருந்து எங்க காலேஜ் கிட்டத்தில்தான்.

சரி, நாலு வருஷம் என்னதான் செய்தாய் என்று கேட்பீர்கள். முதல் வருஷம் எல்லாருக்கும் பென்சில்தான். ஒரு குடம், ஒரு துணி, ரெண்டு வெங்காயம் வைத்துவிடுவார்கள். அதை மூணு நாள் வரையணும். குடத்து வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். தெரிந்ததினாலேயே வட்டமாகப் போடுவோம். ஆனால் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அது வட்டமாகவா தெரிகிறது? நெளிந்த முட்டை மாதிரி இருக்கும். உட்காருகிற இடம் மாறினால் அதுவும் மாறும். அந்த வாயைக் கண்ணில் தெரிகிற மாதிரி போட எனக்கு ஒரு மாசம் ஆச்சு. பொறவு ஆட்களை உட்கார வைத்து வரைவோம். கூலிக்கு வருகிற பெரியவர்கள், பாட்டிகள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போய் மூட்டை தூக்குகிறவர், தூங்குகிறவர், சண்டை போடுகிறவர் எல்லாரையும் நோட்டில் போட்டுக்கொண்டு வரணும். வாரக் கடைசியில் எல்லாரும் வரைந்ததைச் சுவரில் வரிசையாக மாட்டி, எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். "இந்தக் கை உடம்போட ஒட்டலை", "இந்த நிழல் எங்கேயிருந்து வருது?" என்று கேட்பார்கள். வீட்டில் நம்மை யாரும் அப்படி நிறுத்திக் கேட்டதில்லை. முதல் நாள் அழுத பிள்ளைகள் உண்டு. அடுத்த வருஷம் அதே பிள்ளைகள் எழுந்து நின்று, "இல்ல சார், வேணும்னுதான் அப்படிப் போட்டேன்" என்று காரணம் சொல்வார்கள். பொம்பளைப் பிள்ளை ஒருத்தி தான் செய்த வேலைக்குச் சபையில் நின்று காரணம் சொல்லப் பழகுவதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம்தான் துறை. ஓவியம், சிற்பம், துணி வடிவமைப்பு, அச்சுக்கலை, விளம்பர வடிவமைப்பு என்று பிரியும். நான் மண்ணை எடுத்தேன். காருகுறிச்சிப் பானையைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் எங்க பக்கம் நான் பார்த்தவரைக்கும் சக்கரத்தில் உட்காருகிறது ஆம்பிளைதான். பெண்கள் மண் மிதிப்பார்கள், தட்டுவார்கள், காய வைப்பார்கள், சுமந்துபோய் விற்பார்கள். சக்கரம் மட்டும் கிடையாது. காலேஜில் முதல் நாளே, "உட்காரும்மா" என்றார்கள். எனக்குக் கை நடுங்கியது, நிஜமாகவே.

மண்ணில் காற்றுக்குமிழி இல்லாமல் பிசையணும். நடுவில் நிலைநிறுத்தணும். நிழலில் மெதுவாகக் காய வைக்கணும். வத்தல் மாதிரி வெயிலில் போட்டால் வெடித்துவிடும். ஈரம் மிச்சமிருந்தால் சூளைக்குள் அது ஆவியாகிப் பாத்திரத்தைப் பிளந்துபோடும். நம்ம ஊர்ச் சூளைச் சூடு ஆயிரம் டிகிரிக்குக் கீழேதான். கல்லூரியில் 1,200 டிகிரிக்கு மேலே போகும். அந்தச் சூட்டில் மண் கல் மாதிரி இறுகிவிடும். மேலே பூசுகிற கிளேஸ் உருகிக் கண்ணாடியாகப் படியும், பாத்திரம் தண்ணீர் கசியாது. இதில் பாதி ரசாயனம், பாதி கைப்பழக்கம். எடை போட்டு, குறித்து வைத்து, சுட்டுப் பார்த்து, மறுபடி குறிக்கணும். "படம் போடுற படிப்பு, மூளை வேண்டாம்" என்று சொல்கிறவர்களை ஒரு நாள் அந்தக் கிளேஸ் நோட்டைப் பார்க்கச் சொல்லணும்.

லீவுக்கு ஊருக்கு வரும்போது, திருப்புடைமருதூர்க் கோபுரத்தைப் பார்த்து வரைந்துகொண்டு வா என்றார் எங்க சார். முக்கூடலில் பிறந்து வளர்ந்தவள், அந்தக் கோவிலுக்கு நூறு தடவை போயிருப்பேன். கோபுரத்துக்குள்ளே அஞ்சு நிலையிலும் நாயக்கர் காலத்து ஓவியமும் மரச்சிற்பமும் இருப்பது தெரியாது. கப்பலில் குதிரை வந்து இறங்குகிறது, போர் நடக்கிறது, பெண்கள் நிற்கிறார்கள். தாமிரபரணிக்கரையில் நம்ம வாசலில் இருக்கிறது. அதைப் பார்க்கச் சென்னைக்காரர் ஒருத்தர் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

இப்போது காசு விஷயம். இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன். அரசுக் கல்லூரி, கட்டணம் குறைவு. செலவெல்லாம் சாமானுக்கு. பேப்பர், பிரஷ், கலர், மண் வேலைக்கான கருவி, வெளியூர்ப் பயணம். கலர் ட்யூப் தீர்ந்துபோனால் அன்றைக்குப் பாடம் இல்லை என்று அர்த்தம். ரெண்டாவது வருஷம் எங்க அம்மா குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் கேட்டாள். எதுக்கு என்று கேட்டார்கள். "பிள்ளைக்குக் கலர் வாங்க" என்றாள். ஒரே சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்று சண்டை வந்தது. மாடு வாங்கக் கொடுத்திருக்கிறோம், கடை போடக் கொடுத்திருக்கிறோம், கல்யாணத்துக்குக் கொடுத்திருக்கிறோம், காலேஜ் பீஸ் ரசீது காட்டினால் கொடுத்திருக்கிறோம். கலருக்குக் கொடுத்தால் நாளைக்கு வளையலுக்கும் கேட்பார்களே என்றார் ஒரு அத்தை. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை, பொதுப்பணம். அப்போது பாய் முடைகிற ஒரு சித்தி, பத்தமடையில் வாழ்க்கைப்பட்டு வந்தவர், ஒன்று கேட்டார்: "எனக்குக் கோரையும் பாவு நூலும் வாங்கக் கடன் குடுத்தீங்களே, அப்ப ரசீது கேட்டீங்களா? கோரை வாங்காம நான் என்னத்த முடைவேன்?" அத்தோடு பேச்சு முடிந்தது. தீர்மான நோட்டில் "படிப்புச் சாமான்" என்று எழுதினார்கள். அம்மா மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியோடு கட்டி முடித்தாள்.

குழு சேர்ந்து நிமிர்வது நமக்குப் புதுசு இல்லை, ஓவியர்களுக்கும் புதுசு இல்லை. எங்க கல்லூரியில் 1957 முதல் பத்து வருஷம் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த பிள்ளைகள் பிழைக்க வழியில்லாமல் படம் வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்து, அவர்களை ஒரு சங்கமாகச் சேர்த்தார். பகலில் பாத்திக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்பார்கள். அந்தக் காசைச் சேர்த்து 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். இன்றைக்கும் இருக்கிறது. அவர்கள் சந்தா கட்டிய நோட்டு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

பணிக்கரிடம் படித்த பெண் ஒருத்தர், டி.கே. பத்மினி. கேரளத்தில் பொன்னானிப் பக்கத்துக் கிராமம். 1960-களில் தனியாகச் சென்னை வந்து ஓவியம் படித்தார். 1969-ல் பிரசவத்தில் இறந்துபோனார், முப்பது வயசு ஆகவில்லை. அவர் வரைந்த பெண்களைப் பார்த்தால் நம்ம வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேணும். பொய் சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை அபூர்வம். 2012-ல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். விளம்பர வடிவமைப்பு படித்தவர்களுக்குப் பத்திரிகை, சினிமா, அனிமேஷன் என்று வழி கொஞ்சம் அகலம். துணி படித்தவர்களுக்கு ஆயத்த ஆடைக் கம்பெனிகள். ஓவியம், சிற்பம், செராமிக் என்றால் முதல் அஞ்சு வருஷம் இழுபறிதான். நான் ஒரு தனியார் பள்ளியில் வாரம் மூணு நாள் வகுப்பு எடுக்கிறேன். மீதி நாள் சின்ன மின்சூளை வைத்து டம்ளர், தட்டு, ஊறுகாய் ஜாடி செய்கிறேன். பூமாலை வளாகத்தில் உங்க அப்பளம், ஊறுகாய் பக்கத்தில்தான் என் ஜாடியும் இருக்கிறது. சில மாசம் நல்லா ஓடும். சில மாசம் கரண்ட் பில் கட்டினால் மிச்சம் இல்லை. தெரிந்தே சேரட்டும் என்றுதான் சொல்கிறேன்.

எங்க காலத்தில் இல்லாதது ஒன்று இப்போது இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். 2024 டிசம்பரிலிருந்து உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டு. கவின்கலையும் பட்டப்படிப்புதான். விடுதிக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை நடத்துகிற மாணவியர் விடுதிகள் சென்னையில் இருக்கின்றன.

ஆக, கூட்டமைப்பிடம் நான் கேட்பது இதுதான். கல்விக் கடன் என்றால் கட்டண ரசீது மட்டும் பார்க்காமல், "படிப்புச் சாமான்" என்று ஒரு வரி எல்லாக் குழு நோட்டிலும் வரட்டும். கவின்கலைக்கு மட்டும் இல்லை. தையல் டிசைன் படிக்கிறவளுக்கு மெஷின், கேட்டரிங் படிக்கிறவளுக்குக் கத்தி, எல்லாம் அதில் அடங்கும். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைப்பதாகச் செயலாளர் மதினி தலையாட்டுகிறார்கள், நான் பார்த்துவிட்டேன், இத்தனை பேரும் சாட்சி.

இன்னொன்று. தேர்வுக்குப் போகிற பிள்ளைக்குத் தினம் ரெண்டு மணி நேரம் வேணும். பாத்திரம் கழுவிவிட்டு, தம்பியைத் தூங்க வைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் வரையட்டும் என்றால் மிச்சம் இருக்காது. வெளிச்சம் இருக்கிற நேரத்தில் அவளை விடுங்க.

வாசல் பக்கத்து ஸ்டாலில் சாயங்காலம் அஞ்சு மணி வரை இருப்பேன். வரைகிற பிள்ளை இருந்தால் நோட்டோடு கூட்டி வாங்க. நல்ல நோட்டு வேண்டாம், பீடி இலைத்தாள் என்றாலும் சரி. பென்சிலும் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்க, ஒரு குடம் வைத்திருக்கிறேன்.