மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு வயித்தால போனால்
(நாரணாபுரம் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன வருஷம் நம்ம குழு உறுப்பினர் ஒருவர் அவசரக் கடன் கேட்டு வந்தாங்க. வீட்டுக்காரருக்குத் தன் சிறுநீரகத்தையே கொடுத்தவங்க. அவருக்கு மூணு நாளா வயித்தால போயிருக்கு. மாத்திரைச் சூடுன்னு நினைச்சு, ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திட்டு, மெடிக்கல் கடையில வேற வாங்கிக் கொடுத்திருக்காங்க. கடைசியில மதுரைக்கு ஓட வேண்டியதாச்சு. அவங்களைக் குறை சொல்லலை. நமக்கும்தான் அன்னைக்கு விவரம் தெரியாது.

நம் நாட்டில் 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. இப்போது மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீடும் உண்டு. ஆபரேஷன் முடிந்தாலும் மாத்திரை முடியாது. அடுத்தவர் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்கும். அதைத் தடுக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் நேரம் தவறாமல் போடணும். அதனால்தான் நமக்கு அரை நாளில் நிற்கிற பேதி, அவங்களுக்கு வாரக்கணக்கில் இழுக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. மைக்கோபீனோலேட் என்ற மாத்திரையாலேயே பேதி வரலாம். கிருமியா, மாத்திரையா என்பதை மலம், ரத்தம் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். பேதியாகும்போது டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தையே கெடுக்கும். உடம்பில் நீர் வற்றினாலும் கெடும். பயந்து நாமே மாத்திரையை நிறுத்தினால், உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்காமல் போகும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

ஆகவே பேதி, வாந்தி, காய்ச்சல் என்றால் அன்னைக்கே சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க. மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்தாலும் கேளுங்க. கடையில் வாங்கும் வலி மாத்திரை, ஆன்டிபயாடிக் வேண்டாம். இளநீர்கூட டாக்டரைக் கேட்டுத்தான். அதில் பொட்டாசியம் அதிகம்.

நம்ம ஊரில் தண்ணியைப் பிடிச்சு வச்சுத்தான் குடிக்கிறோம். தளதளன்னு கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடிவைத்துக் கொடுங்க. சில கிருமி குளோரினுக்குச் சாகாது, கொதிநீரில் சாகும். பட்டாசு ஆலைக்குப் போகிற அவசரத்தில் காலையில் அரைச்ச சட்னியை மத்தியானம் வரை வைத்துச் சாப்பிடுகிறோம். அவங்களுக்கு அது ஆகாது. வெட்டி வைத்த பழம், ரோட்டோர ஜூஸ், பம்பளிமாஸ் இதுவும் கூடாது.

ஆஸ்பத்திரி போன் நம்பரை மாத்திரை டப்பா மேலேயே ஒட்டி வையுங்க. அந்த வீட்டுக்காரர் இப்போ நல்லாயிருக்கார். கடனில் நாலு தவணை பாக்கி.