இளவேனிலை வரவேற்கும் இல்லம்



ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர்கள் பண்டைத் தமிழர்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். பனி விலகி, வேம்பும் புங்கும் அரசும் பழைய இலைகளை உதிர்த்துப் புதுத்தளிர் விடுகின்ற பங்குனித் திங்களே, வரவிருக்கும் இளவேனிலுக்காக இல்லத்தையும் முற்றத்தையும் தோட்டத்தையும் ஆயத்தம் செய்வதற்கு உரிய காலமாகும்.

இதற்குத் திருக்கோயில்களே வழிகாட்டுகின்றன. மதுரையில் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புது மண்டபம், வசந்த விழாவிற்கென்றே அமைக்கப்பட்டது. இறைவனும் இறைவியும் எழுந்தருளும் இடம் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக, அதனைச் சுற்றி நீர் நிற்கும் அகழியும் அமைக்கப்பட்டது. அக்கினி நட்சத்திர நாள்களில் சிவாலயங்களில் இலிங்கத் திருமேனிக்கு மேல் தாராபாத்திரம் தொங்கவிடப்படுகிறது. அதிலிருந்து துளித் துளியாக நீர் சொரிந்துகொண்டே இருக்கும். வெயில் சுட்ட பிறகு நிழலையும் நீரையும் தேடி ஓடுவது கோயில் மரபு அன்று. வெயில் வருவதற்கு முன்பே குளிர்ச்சிக்கு வழி செய்து வைப்பதே மரபு. இல்லத்திற்கும் இதுவே முறையாகும்.

ஆயத்தம் என்றவுடன் பலருக்கும் துடைப்பமும் ஒட்டடைக் கோலும் நினைவிற்கு வரும். பரணில் கிடப்பவை இறக்கப்படும், பழையன கழிக்கப்படும், குப்பை தெருமுனைக்குச் செல்லும், சருகு கொளுத்தப்படும். வீடு பளிச்சென்று ஆகிவிடும். ஆயினும் தெருமுனையில் குவிந்த குப்பை யாருடையது? கொளுத்திய புகை யார் வீட்டிற்குள் நுழைகிறது? தன் வீட்டு அழுக்கை அடுத்தவர் வாசலுக்கு நகர்த்தி வைப்பதைத் தூய்மை என்று எவ்வாறு கூற இயலும்? வேண்டாததை வெளியே தள்ளுவது தூய்மையில் ஒரு பாதியே ஆகும். வரவேண்டியவற்றுக்கு இடம் செய்வது மறுபாதி. காற்றுக்கும், மழைநீருக்கும், தாகத்தோடு வரும் உயிர்களுக்கும் இடம் செய்த வீடே இளவேனிலுக்கு ஆயத்தமான வீடு.

துடைப்பம் பிடிப்பதனை இழிவாகக் கருதுவோர் திலகவதியாரை நினைக்க வேண்டும். திருவதிகை வீரட்டானத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே சென்று திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, மலர் கொய்து மாலை தொடுத்தவர் அவ்வம்மையார். அவருடைய தம்பியாகிய திருநாவுக்கரசர் தம் கையில் ஏந்தியது உழவாரம் என்னும் புல் செதுக்கும் கருவி. ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சென்று, கோயில் முற்றங்களில் முளைத்த புல்லையும் முள்ளையும் அவர் செதுக்கி அகற்றினார். திருப்புகலூரில் அவர் பணி செய்த இடத்தில் பொன்னும் மணியும் பருக்கைக் கற்களோடு கலந்து மின்னின என்றும், அவற்றையும் கற்களோடு சேர்த்து உழவாரத்தில் ஏந்திப் பொய்கையில் எறிந்தார் என்றும் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் கூறுகின்றார். அடியவர் நடக்கும் வழியில் காலில் குத்துவது கல்லாயினும் மணியாயினும் ஒன்றே என்பது அவருடைய உள்ளம். அவர் முற்றத்தைச் செதுக்கியது அழகுக்காக மட்டும் அன்று. நடந்து வருபவர்களின் பாதங்களுக்காக.

இந்த நோக்கோடு இல்லத்துப் பணிகளை ஒவ்வொன்றாகக் காணலாம்.

முதலில் மேலிருந்து தொடங்க வேண்டும். மொட்டை மாடியில் தேங்கிய சருகையும் மண்ணையும் அள்ளி, நீர் இறங்கும் குழாயின் வாயைத் திறந்துவிட வேண்டும். மாடித் தளத்திற்கு வெண்சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிச் சென்றுவிடும். கீழுள்ள அறைகளின் வெப்பம் குறையும். மேல்நிலைத் தொட்டியை வெறுமையாக்கி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடியை இடைவெளியின்றிப் பொருத்த வேண்டும். பின்னர் உள்ளே வந்து ஒட்டடை அடித்து, பரணில் உள்ளவற்றை இறக்கிப் பார்க்க வேண்டும். பயன்படுத்தக்கூடிய துணியும் பாத்திரமும் புத்தகமும் இல்லாதவர் கையில் சேரட்டும். பருப்பையும் தானியத்தையும் வெயிலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலை இட்டு வைப்பது பாட்டிமார் காட்டிய வழி.

பூசையறையைத் தூய்மை செய்யும்போது ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ள வேண்டும். உடைந்த கண்ணாடியோடு கூடிய சாமி படங்களை அரச மரத்தடியிலும் திருக்குளக் கரையிலும் விட்டுச் செல்லும் வழக்கம் பரவியுள்ளது. பல ஆண்டுகள் விளக்கேற்றி வணங்கிய உருவம் மழையில் நனைந்து, காலடியில் சிதைவது பொருந்துமா? அந்தக் கண்ணாடி, வலம் வருவோர் காலில் தைப்பது அறமாகுமா? சட்டத்தையும் கண்ணாடியையும் தனியே பிரித்துத் தாளில் சுற்றி, குப்பை சேகரிக்க வருவோரிடம் சொல்லிக் கொடுக்கலாம். காகிதப் படத்தை வீட்டுத் தோட்டத்திலேயே கால்படாத ஓர் இடத்தில் மண்ணில் சேர்த்து, அங்கே ஒரு துளசியோ செம்பருத்தியோ நடலாம்.

அடுத்தது முற்றமும் தோட்டமும். இக்காலத்தில் முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடிவிட்டால் கூட்டுவது எளிது என்று பலரும் எண்ணுகின்றனர். மூடிய தரை பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழ்கிறது. மழை பெய்தால் ஒரு சொட்டும் மண்ணுள் இறங்குவதில்லை. ஏற்கெனவே மூடியிருந்தாலும், மரத்தைச் சுற்றியாவது ஒரு முழ அகலத்திற்குத் தளத்தைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிட வேண்டும். மரமும் மூச்சுவிடும், நீரும் இறங்கும். காலையில் நீர் தெளித்து அரிசி மாவினால் கோலமிட்டால் எறும்புக்கும் அன்று உணவாகும்.

பங்குனியில் உதிரும் சருகு குப்பை அன்று. அது மரம் மண்ணுக்குத் திருப்பித் தரும் செல்வம். அதனைக் கொளுத்துவது செல்வத்தைக் கொளுத்துவதாகும். தோட்டத்து மூலையில் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, சருகையும் காய்கறித் தோலையும் மாறி மாறி இட்டு, சாணக் கரைசல் தெளித்து, மேலே சிறிது மண் தூவ வேண்டும். ஈரம் காயாமல் பார்த்து, இடையிடையே கிளறிவிட்டால், ஐப்பசி மழை வருவதற்குள் எரு ஆயத்தமாகிவிடும். எஞ்சிய சருகைச் செடிகளைச் சுற்றி நான்கு விரல் உயரத்திற்கு மூடாக்காகப் பரப்பலாம். தண்டின் மேல் படாமல் சற்று விலக்கிப் பரப்ப வேண்டும். மூடாக்கு இட்ட மண்ணில் ஈரம் எளிதில் உலர்வதில்லை. தென்னையின் அடியைச் சுற்றிக் குழிவு மேல்நோக்கி இருக்குமாறு தேங்காய் மட்டைகளைப் புதைத்தால் அவை நீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக வேருக்கு வழங்கும். நீர் ஊற்றுவது காலை அல்லது மாலை வேளையில் இருக்கட்டும்.

தூய்மை செய்கிறேன் என்று மரக்கிளைகளை வெட்டிச் சாய்ப்போரும் உளர். காய்ந்த கிளை, மின்கம்பியில் உரசும் கிளை ஆகியவற்றை அகற்றுவது போதும். நிழல் வேண்டிய நேரத்தில் நிழலை வெட்டுவது பேதைமை. மேலும், அக்கிளைகளில் பறவைகள் கூடு கட்டியிருக்கக்கூடும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பார்த்தல் வேண்டும்.

தோட்டத்தில் கவிழ்க்க வேண்டியவையும் உண்டு. பழைய டயர், கொட்டாங்கச்சி, உடைந்த வாளி, பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றில் கோடை மழைநீர் சிறிது தேங்கினாலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் ஆகும். நீர் வற்றினாலும், பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் அழியாதிருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் உயிர்பெறும். ஆதலால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுவதோடு பாத்திரத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும்.

இனி நீர்நிலைக்கு வருவோம். திருவாரூரில் தோன்றிய தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். கோயிலின் மேற்குப் புறத்துத் திருக்குளம் தூர்ந்து குறுகிக் கிடப்பதை உணர்ந்து, அதனை அகழ்ந்து பெருக்க எண்ணினார். குளத்தின் உள்ளே ஒரு கழி, கரையில் ஒரு கழி நட்டு, இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, கூடையில் சுமந்து, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார். தாம் காண இயலாத குளத்திற்காக அவர் உழைத்தார். கண்ணுள்ளவர்கள் தம் வீட்டு வாசலில் உள்ள மழைநீர்க் குழியை ஆண்டிற்கு ஒருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டாமா?

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாறு அமைத்த குழிகள் சேறடைத்துக் கிடந்தால் அவை இருந்தும் இல்லாதவையே. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. அந்தக் கோடையை மறத்தலாகாது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் நீர் கிடைக்கும். சித்திரையில் ஒருநாள் இடியோடு வரும் கோடை மழை இவ்வளவையும் தந்துவிடக்கூடும். ஆதலின் பங்குனியிலேயே குழியின் கூழாங்கல்லையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவி, மீண்டும் இட்டு வைக்க வேண்டும்.

கிணறு தூர்வாருவதற்கும் நீர் குறைந்த கோடையே ஏற்ற காலம். இங்கே மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் உயிர்க்காற்று குறைந்திருக்கும். காற்றை விடக் கனமான நச்சுக்காற்று தங்கியிருக்கும். அதற்கு மணமும் இருக்காது, நிறமும் இருக்காது. முதலில் இறங்கியவர் மயங்க, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மடிவது நேர்கிறது. பழகியவர்களைக் கொண்டு, காற்றைச் சோதித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆட்கள் நின்று காத்தாலன்றி ஒருவரையும் இறக்குதல் கூடாது.

கழிவுநீர்த் தொட்டியோ எனில், அதனுள் காப்பின்றி மனிதரை இறக்கித் தூய்மை செய்விப்பதனை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. இயந்திர வண்டியை அழைப்பதே முறை. செலவு குறையும் என்றோ, ‘அவர்களே ஒப்புக்கொண்டார்கள்’ என்றோ காரணம் கூறுவது பாவத்தைத் துடைக்காது. ஒரு வீடு தூய்மையாவதற்கு ஓர் உயிர் விலையாகுமானால், அந்த வீட்டின் வாசலில் எத்தனை கோலமிட்டாலும் அது மங்கலம் ஆகாது. உழவாரம் ஏந்திய பெருமானை வணங்குவோர், கூட்டிப் பெருக்கும் தொழிலாளரின் உயிரைத் தம் உயிரைப் போல் காத்தல் வேண்டும்.

நிறைவாக வாசல். திங்களூரில் வாழ்ந்த அப்பூதி அடிகள், திருநாவுக்கரசரை நேரில் காண்பதற்கு முன்பே, அவருடைய பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்து வழிப்போக்கரின் தாகம் தீர்த்தார். ஒருநாள் அவ்வழியே வந்து அந்தப் பந்தலைக் கண்டவர் திருநாவுக்கரசரே. பந்தலில் நீர் அருந்த வருபவர் யார் என்பதனை அமைப்பவர் அறிய இயலாது. பெருஞ்செலவில் பந்தல் அமைக்க இயலாதவர் வாசலில் ஒரு மண்பானையும் மூடியும் நீண்ட கைப்பிடியுள்ள ஒரு குவளையும் வைக்கலாம். நாள்தோறும் பானையைக் கழுவிப் புதுநீர் நிரப்ப வேண்டும். அஞ்சல்காரரும், தூய்மைப் பணியாளரும், கீரை விற்கும் தாயும் அருந்திச் செல்வர். மதில்மேல் ஓர் அகன்ற மண்சட்டியில் காக்கைக்கும் குருவிக்கும் நீர் வைக்கலாம்; அதனையும் நாள்தோறும் மாற்றிக் கழுவினால் கொசுவுக்கு இடமில்லை.

சித்திரை முதல் நாளில் மாவிலைத் தோரணம் கட்டி, வேப்பம்பூப் பச்சடி படைத்து, புத்தாண்டை வரவேற்பது மரபு. அன்று ஒவ்வோர் இல்லத்தின் மாடியும் மழைக்குத் திறந்திருக்கட்டும். முற்றத்து மண் மூச்சுவிடட்டும். வாசலில் பானை நிறைந்திருக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் எல்லா உயிர்களும் இக்கோடையில் தாகம் தணிந்து இன்புற்று வாழ்க!