உறைமோர் சொல்லும் பாடம்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



இன்று உரம், பூச்சிமருந்து பற்றி நான் பேசப் போவதில்லை. நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் தயிர்ப் பானையைப் பற்றிப் பேசப் போகிறேன். "இது என்ன, வேளாண்மை அதிகாரி சமையல் சொல்லித்தர வந்துட்டாரா?" என்று சிரிக்க வேண்டாம். ஒரு தொழில் எப்படி முளைக்கிறது, எப்படி வளர்கிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதெல்லாம் அந்தப் பானைக்குள்ளேயே இருக்கிறது.

காய்ச்சிய பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு ஒரு கரண்டி உறைமோர் ஊற்றுகிறோம். அந்தக் கரண்டியில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. இவற்றைப் பாக்டீரியா என்பார்கள். பாலில் விழுந்தவுடன் அவை பெருகத் தொடங்குவதில்லை. புதுமருமகள் புகுந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதைப் போல, புது இடத்துக்குப் பழகிக்கொள்கின்றன. இது முதல் கட்டம். இதைத் தயக்க நிலை என்று சொல்லலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது பெருக்க நிலை. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். அரைமணிக்கு ஒரு முறை இரட்டிப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் தொடங்கினால் ஐந்து மணி நேரத்தில் 10,24,000 ஆகிவிடும். காலையில் கறந்த பாலைக் குளிர வைக்காமல் மதியம் வரை வெயிலில் வைத்திருந்தால் ஏன் திரிந்துபோகிறது என்று இப்போது புரிகிறதல்லவா? குளிர்விப்பு நிலையத்தில் பாலை 4 டிகிரிக்குக் குளிர வைப்பதும் இந்த இரட்டிப்பை அடக்கி வைக்கத்தான்.

மூன்றாவது தேக்க நிலை. நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை வெளிவிடுகின்றன. அந்தப் புளிப்பு ஏற ஏற அவற்றாலேயே அதைத் தாங்க முடிவதில்லை. பெருக்கம் நின்றுவிடும். நான்காவது நலிவு நிலை. நாள்பட்ட தயிரில் இறப்பது அதிகமாகிக்கொண்டே போகும். அதனால்தான் பழைய புளித்த தயிரை உறையாக ஊற்றினால் பால் தோய நேரமாகிறது. நேற்றுத் தோய்ந்த புதுத்தயிரை ஊற்றினால் சீக்கிரம் தோய்ந்துவிடுகிறது. இதற்குத் தாய்மார்களிடம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் கைக்கே தெரியும்.

இனி தொழிலுக்கு வருவோம். குஜராத்தில் ஆனந்த் என்ற ஊரில் 1946-ல் பால் உற்பத்தியாளர்கள் ஒரு கூட்டுறவு ஒன்றியம் தொடங்கினார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைவர். பின்னால் டாக்டர் குரியன் வந்து சேர்ந்தார். 1948-ல் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபோது இரண்டே கிராமச் சங்கங்கள்தான் இருந்தன. நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பால். அதன்பிறகு சங்கங்கள் பெருகின, பாலும் பெருகியது. குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறந்தபோது, அவ்வளவு பாலையும் பம்பாய் வாங்கிக்கொள்ளவில்லை. வளர்ச்சியே வினையாக வந்து நின்றது! அவர்கள் உறுப்பினரை விரட்டவில்லை, பாத்திரத்தை மாற்றினார்கள். 1955-ல் மிச்சப் பாலை வெண்ணெயாகவும் பவுடராகவும் மாற்றும் ஆலை வந்தது. எருமைப்பாலில் பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதையும் மீறிச் செய்து காட்டினார்கள். அதுதான் இன்றைய அமுல்.

நம்ம பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ரப்பர் செய்ய இறங்கினார். 1961-ல்தான் டயர் தொழிற்சாலை. அதுதான் எம்.ஆர்.எஃப். கம்பெனி. பலூனிலிருந்து டயருக்கு வர 15 வருஷம் ஆயிற்று.

இதற்கும் பாக்டீரியாவில் ஒரு ஒப்புமை இருக்கிறது. 1940-களில் ஜாக் மோனோ என்ற பிரான்சு நாட்டு விஞ்ஞானி, குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்கு இரண்டு வகைச் சர்க்கரையைக் கலந்து கொடுத்தார். அது முதலில் எளிதானதைத் தின்று வேகமாகப் பெருகியது. அது தீர்ந்ததும் சிறிது நேரம் அப்படியே நின்றது. அடுத்த சர்க்கரையைச் செரிக்கும் பொருளைத் தனக்குள் உண்டாக்கிக்கொண்டு, மறுபடி பெருகத் தொடங்கியது. ஆக, புதிய வேலைக்கு இறங்குகிறவர்கள் இன்னொரு தயக்க நிலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதற்குக் கையிருப்பு வேண்டும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். தவறு செய்து தெரிந்துகொண்டதே அதிகம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

குமணன்சாவடிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து தயிர், மோர் விற்கத் தொடங்கினார்கள். பூவிருந்தவல்லி சாலையில் டீக்கடை, ஓட்டல் ஏராளம். ஆனாலும் முதல் மூன்று மாதம் நாளைக்கு 20 லிட்டர்கூடப் போகவில்லை. "சார், பானை பொங்கவே மாட்டேங்குது, விட்டுடலாமா?" என்றார்கள். "பொறுங்க, இது பழகுற காலம்" என்றேன். அது சரியான யோசனைதான். நான்காம் மாதம் 40 லிட்டர் ஆயிற்று. கோடை வந்ததும் 80 லிட்டர்.

அப்போதுதான் நான் சறுக்கினேன். இரட்டிப்பதைப் பார்த்து எனக்கே தலை கிறுகிறுத்தது. "கடன் வாங்குங்க, பெரிய பாத்திரமும் வண்டியும் போடுங்க" என்று நானே தூண்டினேன். பானைக்குள் பால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் வீட்டுமனையாகிவிட்ட ஊர் அது. பசுந்தீவனம் இல்லை. சொந்தப் பால் போதாமல் வெளிப்பால் வாங்கினார்கள், தரம் இறங்கியது. கடைகளில் பாக்கி ஏறியது. புளித்த தயிர் திரும்பி வந்தது. எட்டே மாதத்தில் தவணை கட்ட ஒருவர் தன் கறவை மாட்டையே விற்றார். அந்த மாடு போன அன்று நான் அங்கேதான் இருந்தேன். அந்த வீட்டார் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அங்கே ஒரு வயதான அம்மா சொன்னார்: "உறைக்கு எடுத்து வெக்காம தயிரு பூராத்தையும் வித்துட்டோம், தம்பி." எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

பிறகு விற்பனையை 50 லிட்டராகக் குறைத்தோம். கடன் கொடுப்பதை நிறுத்திப் பாக்கியை வசூலித்தோம். வரப்போரமும் கிணற்றடியிலும் கம்பு நேப்பியர் புல் போட்டோம். வாரா வாரம் விற்ற காசில் ஒரு பங்கை 'உறைக்காசு' என்று தனியே வைத்தார்கள். இன்று ஏழு குடும்பங்கள் நடத்துகின்றன. ஐந்து குடும்பங்கள் விலகிவிட்டன. அந்த ஐந்தில் என் பங்கும் உண்டு.

ஆகவே, குழுவாகத் தொழில் செய்கிறவர்கள் மூன்று கணக்கை ஒரு நோட்டில் வாரம் தவறாமல் எழுதுங்கள். சொந்தப் பால் எவ்வளவு, கடையில் நிற்கும் பாக்கி எவ்வளவு, திரும்பி வந்த சரக்கு எவ்வளவு? விற்பனை ஏறி, பாக்கியும் திரும்பிய சரக்கும் அதைவிட வேகமாக ஏறினால், பானை புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது பெரிய பாத்திரம் வாங்காதீர்கள். முதலில் தீவனத்தையும் வசூலையும் சரிசெய்யுங்கள். தயக்க நிலையில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஆனால் கடனையும் ஏற்ற வேண்டாம்.

பயிர் செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. நீங்கள் வாங்கும் அசோஸ்பைரில்லம், ரைசோபியம் பொட்டலங்களில் இருப்பதும் உயிருள்ள பாக்டீரியாதான். நாள்பட்டால் அவையும் நலிந்துபோகும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், வெயிலில் வைக்காதீர்கள், ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்துங்கள், ரசாயன உரத்தோடு கலக்காதீர்கள்.

பாக்டீரியாவுக்குப் பானையை விட்டு வெளியே வரத் தெரியாது. தான் விட்ட புளிப்பிலேயே அது நிற்கும். நமக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும், வேகத்தைக் குறைக்கத் தெரியும், பாத்திரத்தை மாற்றவும் தெரியும். நாளைய பாலுக்கு ஒரு கரண்டி உறையை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.