மூணாற்று மலைக்காட்சிகள்



பிறமாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம், விடுமுறையில் ஊர் திரும்புகையில் குளிர்ந்த மலைத்தலம் ஒன்றைக் கண்டு வர விழைவது இயல்பே. கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், கொச்சங்காடியில் குடியிருக்கும் எங்களுக்கு அவ்வகையில் அண்மையில் அமைந்தது மூணாறு. கொச்சியில் 1947 முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. ஆதலின் தேயிலையை மூட்டையாகக் கண்டு பழகிய எங்களுக்கு, அது விளையும் மலையைக் காண்பது தனி இன்பம்.

தொலைவு சுமார் 130 கிலோமீட்டர். நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடந்ததும் சாலை மலையேறுகிறது. வாளறை, சீயப்பாறை அருவிகள் வழியிலேயே வரவேற்கின்றன. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமாதலின் மூணாறு எனப் பெயர் வந்தது. உயரம் ஏறத்தாழ 5,000 அடி.

முதலில் காணத்தக்கது இரவிகுளம். 1978இல் தேசியப் பூங்காவான இந்த 97 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் வரையாடுகள் அச்சமின்றி மேய்கின்றன. சங்கப் புலவர் வருடை என்றது இவ்விலங்கையே என்பர். தென்னாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய ஆனைமுடியும், 8,842 அடி உயரத்தில், இங்கேதான் நிற்கிறது. பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்து 2030இல் எதிர்பார்க்கலாம். வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், பூங்கா மூடப்பெறும். விசாரித்துச் செல்வது நலம்.

மாட்டுப்பட்டி, குண்டளை நீர்த்தேக்கங்களைக் கடந்து, மூணாற்றிலிருந்து 32 கிலோமீட்டர் சென்றால் டாப் ஸ்டேஷன். மூடுபனி விலகினால் தேனிப் பக்கத்துச் சமவெளி காலடியில் விரியும். முற்காலத்தில் மூணாற்றுத் தேயிலை சிற்றிருப்புப் பாதையில் இங்கு வந்து, கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சென்றது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப் பாதையை அழித்துவிட்டது. பெயர் மட்டும் எஞ்சியது.

தேயிலை இறங்கிய அதே மலைச்சரிவில் ஏறி வந்தோர் நம்மவர். கங்காணிகள் பின்னே பாண்டிநாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்து காடு திருத்தினர். பச்சைக் கம்பளம் என நாம் வியக்கும் தோட்டம் அவர்தம் கைவண்ணம். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் லயன் வீடுகளில் வாழ்கின்றனர். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது; தலைமுறைகள் உழைத்தும் சொந்த மனையில்லாதவர் பலர்.

இரவிகுளத்தை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மலை சரிந்து அத்தகைய லயன்களை மூடிற்று. எழுபதுபேர் மாண்டனர், அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பலருடைய உடல்கள் இராசமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டன.

பிழைப்பு நாடி ஊர்விட்டுச் சென்ற நமக்கு அவர்கள் அயலாரல்லர். ஆகவே மூணாறு செல்வோர் வரையாட்டையும் மூடுபனியையும் கண்டு களிக்குக. கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிக்குமுன், தமிழில் நலம் உசாவி, அவர்கள் இசைவையும் கேட்டுக்கொள்க.