ஆங்கிலத்தில் எட்டிப் பார்க்கும் தமிழ்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள்" என்று செயலாளர் சொன்னார். இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நம்மவர் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். இலக்கண வகுப்பு என்று பயப்பட வேண்டாம். பரீட்சை கிடையாது.

நம் சங்கத்தின் பெயரிலிருந்தே ஆரம்பிப்போம். காலையிலிருந்து பத்துப் பேராவது "ஐ ஆம் ஆன் அலும்னி ஆஃப் திஸ் காலேஜ்" என்று அறிமுகம் செய்துகொண்டார்கள். 'அலும்னி' என்பது பன்மை. ஒரே ஆள் எப்படி அலும்னி ஆக முடியும்? ஒருவர் என்றால் 'அலும்னஸ்'. பெண்ணாக இருந்தால் 'அலும்னா'. லத்தீன் சொல், அதனால் வந்த வம்பு. இவ்வளவு ஞாபகம் வைக்க முடியாது என்றால் 'ஓல்டு ஸ்டூடன்ட்' என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஒரு குறையும் இல்லை.

அடுத்தது, "ஐ பாஸ்டு அவுட் இன் 1998." நமக்குள் பேசும்போது எல்லோருக்கும் புரியும். ஆனால் ஓர் அமெரிக்கரிடம் சொன்னால், 1998-இல் நீங்கள் மயக்கம் போட்டு விழுந்தீர்கள் என்று அர்த்தம். ராணுவத்தில் மட்டும் 'பாஸிங் அவுட்' என்பது பயிற்சி முடித்து வெளியேறுவது. நம் பரங்கிமலை ராணுவ அகாடமியில் நடக்கிற அணிவகுப்புக்கே அந்தப் பெயர்தான். நாம் பட்டாளத்தில் படிக்கவில்லை. ஆகவே 'ஐ கிராஜுவேட்டட் இன் 1998' என்பதே நல்லது.

இவையெல்லாம் சின்ன விஷயம். நான் சொல்ல வந்தது வேறு. நம் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருபவை அல்ல. அவை தமிழ் இலக்கணத்தின்படி ரொம்பச் சரியானவை! நாக்கு ஆங்கிலம் பேசுகிறது, உள்ளே இருந்து தமிழ் எட்டிப் பார்க்கிறது. அது எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நம்மில் பலர் வளர்ந்தது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில். 1930களில் வந்த புத்தகம். அந்த ரென் பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவர், நாவலாசிரியரும்கூட. பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி அவர் எழுதிய 'போ ஜெஸ்ட்' 1924-இல் வெளிவந்து பெயர் வாங்கியது. அவர் புத்தகம் எது சரி, எது தப்பு என்று சொல்லும். ஆனால் ஒரு தமிழ்ப் பையன் ஏன் அந்தத் தப்பைச் செய்கிறான் என்று சொல்லாது. அது தமிழருக்கென்று எழுதப்பட்டதல்லவே.

'டிஸ்கஸ் அபவுட்' என்று ஏன் சொல்கிறோம்? தமிழில் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்கிறோம். அந்தப் 'பற்றி'தான் 'அபவுட்' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிட்டது. 'எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்பது என்ன? 'நேத்துத்தான் வந்தேன்.' நம்முடைய 'தான்' எந்தச் சொல்லோடு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே' என்று முன்னால் வர வேண்டும். 'யூ ஆர் கமிங், இஸ்ன்ட் இட்?' என்பதும் இப்படித்தான். நமக்கு 'இல்லையா' ஒன்றே போதும், ஆணுக்கும் பெண்ணுக்கும், நேற்றைக்கும் நாளைக்கும். பிரெஞ்சுக்காரருக்கும் இப்படி ஒரே வால்தான். ஆங்கிலேயர்தான் வாக்கியத்துக்கு வாக்கியம் வாலை மாற்றுகிறார்: 'ஆரன்ட் யூ', 'டஸ்ன்ட் ஹி', 'டிட்ன்ட் தே'.

இனி, கொஞ்சம் ஆபத்தான இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றில் பிசகினால் யாராவது சிரிப்பார்கள், அவ்வளவுதான். இதில் பிசகினால் காரியமே கெடும்.

"நீ சாப்பிடலையா?" என்று கேட்டால், சாப்பிடாதவன் "ஆமா, சாப்பிடலை" என்கிறான். கேட்டவர் சொன்னது உண்மை என்பதற்கு அந்த 'ஆமா'. ஜப்பானியரும் இப்படித்தான் பதில் சொல்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் 'யெஸ்' என்றால் 'சாப்பிட்டேன்', 'நோ' என்றால் 'சாப்பிடவில்லை'. கேள்வி எப்படி வந்தாலும் சரி, நடந்திருந்தால் 'யெஸ்', நடக்காவிட்டால் 'நோ'.

நேர்முகத் தேர்வில் "டோன்ட் யூ ஹேவ் எனி அரியர்ஸ்?" என்று கேட்கிறார்கள். நம் பையன் ஒரு பேப்பர்கூட பாக்கி வைக்காதவன். பணிவாக "யெஸ் சார்" என்கிறான். எதிரே இருப்பவர் 'அரியர்ஸ் இருக்கிறது' என்று குறித்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரியில் இன்னும் மோசம். தமிழ் தெரியாத டாக்டர் ஒருவர், "யூ ஆர் நாட் அலர்ஜிக் டு பெனிசிலின்?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். அலர்ஜி உள்ள ஆள், 'நீங்கள் சொல்வது சரியில்லை, எனக்கு அலர்ஜி உண்டு' என்ற எண்ணத்தில் "நோ" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால்? ஊசி ஏறிவிடும். இதற்கு இலக்கணம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. எதிர்மறையில் கேள்வி வந்தால் யெஸ், நோவோடு நிறுத்தாதீர்கள். 'ஐ ஹேவ் நோ அரியர்ஸ்', 'ஐ ஆம் அலர்ஜிக்' என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். இன்றைக்கு நான் பேசியதில் இது ஒன்று ஞாபகம் இருந்தாலும் போதும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. 'ரெண்டு பேரும் வரலை.' இதை அப்படியே 'போத் டிட் நாட் கம்' என்று எழுதுகிறோம். தமிழில் சந்தேகமே இல்லை, ஒருவரும் வரவில்லை. ஆங்கிலம் படிப்பவரோ, இருவரும் சேர்ந்து வரவில்லை, ஒருவர் வந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. 'போத் செக்ஸ் ஹேவ் நாட் பீன் ரிசீவ்டு' என்று நீங்கள் கடிதம் போட்டால், ஒரு செக் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிடலாம். 'நைதர்' என்ற சொல்லை நாம் பேச்சில் எடுப்பதே இல்லை. தயவுசெய்து எடுங்கள்.

காலத்தைச் சொல்வதிலும் இந்தத் தகராறு உண்டு. 'அஞ்சு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்.' வினை நிகழ்காலம். அதனால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று வருகிறது. ஆங்கிலத்தில் நேற்று தொடங்கி இன்றும் தொடர்வதற்குத் தனி உருவம்: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்', நீளத்துக்கு 'ஃபார்'. 'சின்ஸ் 2019', 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. இதையே 'ஐ வொர்க்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் வேலையை விட்டாயிற்று என்று பொருள். ஒரு விண்ணப்பத்தில் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான், இவர் இன்னும் அங்கே இருக்கிறாரா, வெளியே வந்துவிட்டாரா என்று படிப்பவர் முடிவு செய்கிறார்.

மறுபக்கமும் உண்டு. 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்று தமிழில் சொல்லலாம். அந்த 'இருக்கிறேன்' ஆங்கிலத்தில் 'ஹேவ்' ஆகி, 'ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே' என்று வரும். நேற்று, போன வாரம், 2015-இல் என்று நாளைக் குறித்துவிட்டால் 'ஹேவ்' கூடாது. 'ஐ சென்ட் இட் எஸ்டர்டே', முடிந்தது.

எல்லா இடத்திலும் தமிழ் நம்மைக் கவிழ்க்கிறது என்று நினைக்காதீர்கள். கை கொடுக்கும் இடமும் இருக்கிறது. 'எ' எங்கே, 'ஆன்' எங்கே என்று குழம்புகிறோமே, அது நம் 'ஒரு', 'ஓர்' விதிதான். ஓர் ஊர், ஒரு நாடு. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்'. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும். ஒரு சுலபமான வழி: அந்தச் சொல்லை, உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதிப் பாருங்கள். யுனிவர்சிட்டி, முதல் எழுத்து 'யு', உயிரெழுத்து இல்லை. எனவே 'எ யுனிவர்சிட்டி'. எம்.எல்.ஏ., முதல் எழுத்து 'எ', எனவே 'ஆன் எம்.எல்.ஏ.'. மணிநேரத்துக்கான 'ஹவர்' என்ற சொல்லில் 'ஹ' ஒலிப்பதில்லை, அது 'அவர்'தான், ஆகவே 'ஆன்'. 'ஒன்' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும், அதன் சரியான ஒலி 'வன்'. இதை நாம் தமிழ் எழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். தப்பு என்று சொல்லப்படுவதெல்லாம் தப்பல்ல. 'ப்ரீபோன்' என்ற சொல்லைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. 'போஸ்ட்போன்' இருக்கும்போது எதிர்ப்பதம் வேண்டாமா? நம் நாட்டில் வழக்குக்கு வந்த சொல், ஆக்ஸ்போர்டு அகராதியே இடம் கொடுத்துவிட்டது. 'கசின் பிரதர்' என்பதையும் கேலி செய்கிறார்கள். சித்தப்பா மகன் நமக்கு அண்ணன், தம்பி. மாமா மகன் அப்படியா? அவர் கல்யாண முறை உள்ளவர்! இந்த வித்தியாசம் ஆங்கிலத்தில் கிடையாது, நமக்கு உயிர்நாடி. வெளிநாட்டுக்காரரிடம் 'கசின்' போதும், நம் ஊரில் 'கசின் பிரதர்' இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கட்சி.

வாக்கியத்தை வேற்றுமைச் சொல்லில், அதாவது 'வித்', 'ஃபார்' போன்றவற்றில், முடிக்கக் கூடாது என்று சில வாத்தியார்கள் அடித்துச் சொல்வார்கள். ஃபவுலர் என்ற ஆங்கிலேயர் 1926-இல் எழுதிய வழக்குச்சொல் அகராதியிலேயே அது மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டார். 'வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?' என்று தாராளமாகக் கேளுங்கள்.

இப்போது கைப்பேசியிலேயே திருத்தும் மென்பொருள் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 'டிஸ்கஸ் அபவுட்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' இவற்றையெல்லாம் அது பெரும்பாலும் பிடித்துவிடும், பயன்படுத்துங்கள். ஆனால் உங்களுக்கு அரியர்ஸ் உண்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. வந்தது ஒரு செக்கா, ஒன்றுமே வரவில்லையா என்றும் தெரியாது. அங்கே உங்கள் கண்தான் வேண்டும். முக்கியமான கடிதத்தை அனுப்பும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். சந்தேகம் வந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் கச்சிதமாகத் தமிழ் வந்தால், அங்கே ஆங்கிலத்தைச் சோதிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். ஒருவர் நூறு விதத் தப்பு செய்வதில்லை, நாலைந்தையே திரும்பத் திரும்பச் செய்கிறார். அந்த நாலைந்தை நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் சீனியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். வடநாட்டு நண்பர் ஒருவர் "அவன் வந்தாள்" என்று தமிழ் பேசினால், "ஆஹா, நன்றாகப் பேசுகிறீர்களே" என்று தட்டிக் கொடுக்கிறோம். நம் கிராமத்துப் பிள்ளை 'ஹி டிட்ன்ட் வென்ட்' என்றால் உதட்டோரம் சிரிக்கிறோம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் வாயைத் திறக்காததற்கு அந்தச் சிரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பேசாத பிள்ளையின் தப்பை யார் திருத்துவது? திருத்துங்கள், ஆனால் தனியாகக் கூப்பிட்டு, ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். கணக்கும் பிசிக்ஸும் தெரிந்தவனை 'சின்ஸ்', 'ஃபார்' தெரியவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். அதை ஒரு மாலை நேரத்தில் கற்றுக் கொடுத்துவிடலாம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம். "சார், ஐ ஹேவ் எ டவுட்" என்றே ஆரம்பிக்கலாம். இந்த மண்டபத்துக்குள் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.